குளியலறையை முழுசாக இடிக்க வேண்டுமா? கடப்பாரை எடுக்கும் முன் வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

எங்கள் நங்கநல்லூர் வீட்டின் மாடிக் குளியலறை 1993-ல் கட்டியது. அதற்கு நேர் கீழே சமையலறை. 2012 வாக்கில் சமையலறைச் சீலிங்கில், மிக்ஸி வைக்கும் மூலைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை வந்தது. அடுத்த ஆறு வருஷத்தில் அதற்கு மூன்று வைத்தியம் பார்த்தோம். முதலில் டைல்ஸ் இடுக்கில் வொயிட் சிமெண்ட். அப்புறம் ஒரு கெமிக்கல் பூச்சு. மூன்றாவதாக, பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ். ஒவ்வொரு முறையும் நாலைந்து மாசம் கறை காய்ந்த மாதிரி இருக்கும், பிறகு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். 2018-ல் தளத்தை உடைத்தபோதுதான் தெரிந்தது, நஹானி ட்ராப்பும் (தரைத் தண்ணீர் வடியும் வளைவுள்ள வாய்) வெளிக்குழாயும் சேரும் இடம் விட்டுப்போயிருந்தது. அடியில் நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி கருத்துப்போய், கடப்பாரை இறங்கிய இடத்திலெல்லாம் தண்ணீர் ஊறி வந்தது. மூன்று வைத்தியத்தில் ஒன்றுகூட அந்த இடத்தை எட்டவில்லை.

அடுத்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். பார்க்க வந்த மேஸ்திரி, “மொத்தமா இடிச்சாத்தான் ஆகும்” என்று எஸ்டிமேட்டே கொடுத்துவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு குழாயாக மூடித் திறந்து பார்த்ததில், கீசருக்குப் போகும் லைனில் சுவருக்குள் இருந்த ஒரு நிப்பிள், அதாவது குழாய்களை இணைக்கும் சின்னத் துண்டு, விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. இரண்டு டைல்ஸை எடுத்தோம், நிப்பிளை மாற்றினோம், மூடினோம். சுவர் காய ஒரு மாசம் ஆனது. வேறெதுவும் செய்யவில்லை.

ஒரு வீட்டில் இடிக்காமல் ஆறு வருஷம் வீணாக்கினோம். இன்னொரு வீட்டில் தேவையில்லாமல் இடிக்க இருந்தோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமலே முடிவெடுத்தது. டைல்ஸ் பழசாகத் தெரிவதை வைத்தோ, மேஸ்திரி பார்த்த மாத்திரத்தில் சொன்னதை வைத்தோ இதைத் தீர்மானிக்க வேண்டாம். கீழே சொல்லியிருக்கும் சோதனைகளுக்குப் பெரிய செலவு இல்லை, பொறுமைதான் வேண்டும்.

முதலில், இடிக்கத் தேவையில்லாத சங்கதிகள்

போர் தண்ணீர் வரும் வீடுகளில் டைல்ஸும் குழாயும் வெள்ளை பூத்துக் கிடக்கும். பார்த்தாலே அலுப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மேலே படிந்த உப்பு, எலுமிச்சை உப்பைக் கரைத்துத் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆசிட் சிமெண்டைத் தின்னும். டைல்ஸ் பளபளக்கும், இடுக்கில் இருக்கும் சிமெண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீர் இறங்க வழி திறந்துவிடும். பல குளியலறைகளின் கசிவு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்த்துப் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

நாற்றமும் இடிப்பதற்குக் காரணம் ஆகாது. நஹானி ட்ராப்பின் வளைவில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும், சாக்கடை வாயுவைத் தடுப்பது அதுதான். ஆள் புழங்காத குளியலறையில் அந்தத் தண்ணீர் வற்றிப்போகும். ஒரு மக்கு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் ட்ராப்பின் உள்மூடி இருக்கிறதா, வாஷ்பேசின் அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப் சரியாக இருக்கிறதா, மொட்டை மாடிக்குப் போகும் காற்றுக்குழாயை யாராவது அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

ஃப்ளஷ் டேங்கிலிருந்து க்ளாசட்டில் ஓயாமல் தண்ணீர் வழிவது, உளுத்துப்போன கதவு, ஆடும் குழாய், மங்கிய கண்ணாடி எல்லாமே தனித்தனியாகச் சரிசெய்யக்கூடியவை. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் மொத்தமாக இடித்துவிடலாம் போலத் தோன்றும். அந்த எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

படி 1: பென்சிலும் ஒரு நோட்டும்

கறை இருக்கும் இடத்தில், கீழ்ச் சீலிங்கோ பக்கத்துச் சுவரோ, கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம், காலையிலும் இரவிலும் பார்த்து நோட்டில் குறியுங்கள். எத்தனை பேர் குளித்தார்கள், மழை பெய்ததா, ஊருக்குப் போய் வீடு பூட்டியிருந்ததா என்று எல்லாம் அதில் வரட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனையை ஆரம்பிக்காதீர்கள். மொட்டை மாடியிலிருந்தும் வெளிச்சுவர் விரிசலிலிருந்தும் இறங்கும் மழைத் தண்ணீர் குளியலறைக் கசிவு போலவே தெரியும். மழை பெய்த மறுநாள் மட்டும் கறை வளர்ந்தால் குளியலறைமேல் பழி போடாமல் மாடித் தளத்தைப் பாருங்கள். வெயில் காலத்திலும் கறை ஈரமாகவே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுக்குமாடியில் இருந்தால் சீலிங் உங்களுடையது இல்லை, கீழ்வீட்டாருடையது. அவர்கள் புகார் சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களே போய், “உங்க பாத்ரூம் சீலிங்கை ஒருதடவ பாத்துக்கலாமா?” என்று கேளுங்கள். நம் வீட்டுத் தண்ணீர் இன்னொருவர் தலைமேல் சொட்டுவதை முதலில் நாமே போய்க் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

படி 2: ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டுவது

தரையிலும் சுவரிலும் ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டுங்கள். அடியில் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். விட்டுப்போயிருந்தால் காலி டப்பாவைத் தட்டியது போல ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் டைல்ஸில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போங்கள். அங்கங்கே ஐந்தாறு இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துப் போடலாம். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறி விழுந்தால், என் கணக்கில், அந்தத் தரை முடிந்துவிட்டது. ஷவர் படும் சுவரில் அடிவரிசை முழுக்க டப்பா சத்தம் கேட்டால் பூச்சுக்குள் ரொம்ப நாளாகத் தண்ணீர் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு வாட்டத்தையும் பாருங்கள். ஒரு பக்கெட் தண்ணீரை வாசல் ஓரத்தில் ஊற்றி, அது ட்ராப்புக்குத் தானாகப் போய்ச் சேருகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று கவனியுங்கள். எட்டு அடி நீளத் தரைக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சரிவு இருக்க வேண்டும். தேங்கும் இடமும் டப்பா சத்தம் வரும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

படி 3: தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது?

முடிவெடுக்க இந்தப் படிதான் முக்கியம். மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

மாடிக் குளியலறைகளில் வடிகால் குழாய்களை உள்ளே பதிப்பதற்காகத் தளத்தை ஒரு அடி போல இறக்கிப் போட்டிருப்பார்கள். சங்கன் என்பார்கள். அந்தப் பள்ளத்தில் குழாயை வைத்து, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே கான்கிரீட்டும் டைல்ஸும் போடுவார்கள். கசிவு எங்கே இருந்தாலும் தண்ணீர் முதலில் இந்தப் பள்ளத்தில்தான் சேரும். ஜல்லி பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால்தான் கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. குழாயை மூடின பிறகும் நாலைந்து நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே நாளில் சோதித்துவிட்டு, “மூடியும் சொட்டுது, அப்ப குழாய் இல்ல” என்று முடிவுக்கு வந்தவர்கள் நிறைய. ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள்.

வரும் தண்ணீர் லைனை முதலில் பாருங்கள். தனி வீடாக இருந்தால், இரவு எல்லாக் குழாயையும், ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக் வால்வையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலையில் மோட்டார் போடும் முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அடுத்த இரவு அந்தக் குளியலறைக்குப் போகும் கேட் வால்வையும் மூடிவிட்டு மறுபடி பாருங்கள். இறங்குவது நின்றால் கசிவு அந்தக் குளியலறை லைனில்தான். பொதுத் தொட்டி உள்ள அடுக்குமாடியில் இது முடியாது, பிளம்பரை அழுத்தப் பம்பு கொண்டுவரச் சொல்லி லைனில் அழுத்தம் ஏற்றி, பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். வெந்நீர் லைனையும் தண்ணீர் லைனையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் மாட்டியது அப்படித்தான்.

வரும் லைனில் குறையில்லை என்றால் போகும் லைன். ஒரு ஹோஸ் பைப்பை நஹானி ட்ராப்புக்குள் நேராக விட்டு, தரை நனையாமல் பத்துப் பதினைந்து பக்கெட் தண்ணீர் விடுங்கள். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து விட்டால் இன்னும் நல்லது. சில மணி நேரத்திலோ மறுநாளோ கீழே ஈரம் கூடினால் ட்ராப்போ அதன் இணைப்போ போய்விட்டது. நீலம் இறங்காததால் கசிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஜல்லி நிறத்தை வடிகட்டிவிடும். ஒரு வாரம் கழித்து இதே மாதிரி க்ளாசட்டை மட்டும் பத்து முறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். க்ளாசட் கசிவாக இருந்தால் கீழே வரும் ஈரத்தில் வாடையும் இருக்கும். அதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, அடியில் சமையலறை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைசியாகத் தரை. ட்ராப் வாயைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, வாசலில் தடுப்பு வைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் நன்றாக இறங்கி, கீழேயும் ஈரம் கூடினால் தரை வழியாகவே தண்ணீர் போகிறது. கீழ்ச் சீலிங்கில் ஃபேன், லைட் இருந்தால் அந்த சர்க்யூட்டை மெயினில் அணைத்த பிறகே இதைச் செய்யுங்கள். சீலிங் பூச்சு ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

தரைத்தளக் குளியலறைக்குக் கீழே சீலிங் கிடையாது, கசிவு மண்ணுக்குள் போகும். அங்கே பார்க்க வேண்டியவை: சுவரின் அடியில் ஏறும் ஓதம், பூச்சு உப்புப் பொரிந்து உதிர்வது, தரை ஒரு பக்கம் அமிழ்வது, வெளியே குழாய் ஓரத்து மண் எப்போதும் ஈரமாக இருப்பது.

படி 4: கீழ்ச் சீலிங் என்ன சொல்கிறது?

வெள்ளை உப்புப் பூத்திருந்தால், தண்ணீர் கான்கிரீட்டைக் கடந்து வந்து காய்ந்திருக்கிறது. மஞ்சள் கறையும் அதே ரகம். காவி நிறக் கோடு தெரிந்தால் விஷயம் வேறு, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருக்கும். சீலிங்கில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் ஒரு அங்குலம்கூடக் கிடையாது, அது விரிந்து பாளம் பாளமாக விழும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் வந்தால் அதுதான் முதல் அறிகுறி.

கம்பி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசச் சொல்லாதீர்கள். பூச்சு கம்பியை மறைக்குமே தவிரக் காப்பாற்றாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பணம் கொடுத்துக் கூட்டிவந்து காட்டுங்கள். கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது, துருவைச் சுரண்டித் தடுப்புப் பூச்சு அடித்தால் போதுமா, புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். அதுவரை அந்த இடத்துக்குக் கீழே யாரும் படுக்கவோ உட்காரவோ வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

எங்கள் சமையலறையில் நாலு கம்பி துருத்திக்கொண்டு நின்றது. 2012-லேயே இந்தச் சோதனைகளைச் செய்திருந்தால் வேலை ஒரு ட்ராப் மாற்றுவதோடும் தரையோடும் முடிந்திருக்கும். அம்மா அந்தச் சீலிங்குக்குக் கீழே நின்று ஆறு வருஷம் சமைத்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது.

படி 5: குழாயின் வயது, வயரிங்

தொண்ணூறுகள் வரை கட்டிய வீடுகளில் சுவருக்குள் பெரும்பாலும் ஜிஐ குழாய்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். உள்ளே துரு அடைத்து, தண்ணீர் நூலாக வரும். காலையில் முதலில் திறக்கும்போது செம்மண் நிறத்தில் வந்தால் குழாய் உள்ளுக்குள் கரைகிறது. ஜிஐ குழாயில் ஒரு இடத்தை வெட்டி மாற்றினால், திருகும்போது கொடுக்கும் முறுக்கில் பக்கத்து இணைப்பு விட்டுவிடும். ஒருமுறை வெடித்தால் மாற்றிப் பாருங்கள். இரண்டாவது முறை வேறு இடத்தில் வெடித்தால், அந்தச் சுவரில் இருக்கும் எல்லாக் குழாய்க்கும் அதே வயதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு லைனையும் மாற்ற வேண்டும், அதற்குச் சுவர் டைல்ஸ் உடையத்தான் செய்யும். கீசர் லைனில் யாராவது வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக் குழாயைப் போட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது வெந்நீருக்கு ஆகாது, வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்தான்.

வயரிங்குக்காக மட்டும் இடிக்க வேண்டாம், ஆனால் அதற்காக இடிக்கும் நாள் வரை காத்திருக்கவும் கூடாது. 2 கிலோவாட் கீசர் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகவும், 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), எர்த் வயர், வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) நான்கும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆர்சிசிபி-யில் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியன் வந்துபோகும் வரை கீசரைப் போடாதீர்கள்.

படி 6: யார் புழங்கும் குளியலறை?

ஒரு சொட்டுக் கசிவு இல்லாவிட்டாலும் இடிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு, வீட்டில் வயதானவர்கள். முழங்கால் மடக்க முடியாதவருக்கு இந்தியன் டாய்லெட், ஆறு அங்குல வாசற்படி, வழவழப்பான டைல்ஸ் மூன்றும் ஆபத்து. எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் வீட்டின் மொத்த வாழ்க்கையும் மாறிப்போகும். விழுந்த பிறகு மாற்றுவதைவிட முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

இதில் எது சின்ன வேலை, எது பெரிய வேலை என்று பிரித்துப் பாருங்கள். கைப்பிடி மாட்டுவது, தரைக்கு மட்டும் சொரசொரப்பான டைல்ஸ், உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், இரவில் எரியும் விளக்கு, இதற்கெல்லாம் இடிக்க வேண்டாம். இந்தியனை வெஸ்டர்ன் ஆக்குவதற்குத் தரையை உடைத்தே ஆக வேண்டும். உடைக்கும்போது சங்கன் ஈரமாக இருக்கிறதா என்று தானாகத் தெரிந்துவிடும். ஈரமாக இருந்தால் அந்த ஒரு மூலையோடு நிறுத்தாதீர்கள். புது க்ளாசட் வாங்கும் முன், தரைவழி வெளியேற்றமா சுவர்வழியா, சுவரிலிருந்து குழியின் மையம் 9 அங்குலமா 12 அங்குலமா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கதவையும் பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டேகால் அடிக் கதவு சகஜம். சக்கர நாற்காலி நுழைய 32 அங்குலம் தெளிவான இடைவெளி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

இப்போது முடிவு

தரையிலோ வடிகாலிலோ கசிவு உறுதியாகி, ஒரு வாரம் புழங்காமல் விட்டும் கீழே ஈரம் வற்றவில்லை என்றால், சங்கன் நிரம்பிக் கிடக்கிறது. முழுசாக இடியுங்கள். கம்பி தெரிந்தாலும் இடியுங்கள். இந்த இரண்டில் ஒன்று போதும், வேறு காரணம் தேட வேண்டாம். மேல்பூச்சு, இடுக்கில் ஊசி வழியாகக் கெமிக்கல் ஏற்றுவது, டைல்ஸ் மேல் டைல்ஸ் எதுவும் இங்கே உதவாது. டைல்ஸ் மேல் டைல்ஸ் போட்டால் பாரம் கூடும், கதவு இடிக்கும், ஈரம் மேல்வழியாகக் காயவும் வழியில்லாமல் போய்விடும்.

சுவருக்குள் ஜிஐ குழாய் இரண்டு முறை வெடித்திருந்து, டைல்ஸும் பரவலாக விட்டிருந்தாலும் முழு வேலைதான் லாபம். வீட்டுப் பெரியவர்களுக்காக க்ளாசட்டின் இடமும் கதவும் மாற வேண்டியிருந்தாலும் அப்படியே.

வரும் லைனில் ஒரே இடத்தில் கசிவு, தரையும் வடிகாலும் சரி என்றால் அந்த இடத்தை மட்டும் திறந்து சரிசெய்யுங்கள். தண்ணீர் கட்டிய சோதனையில் மட்டம் லேசாக இறங்கி, கீழே எதுவும் தெரியாமல், டைல்ஸ் எல்லாம் கெட்டியாக ஒலித்தால், இடுக்குகளைச் சுரண்டி, தண்ணீர் புகாத எபாக்ஸி கலவையை நிரப்பிவிட்டு ஒரு வருஷம் கவனியுங்கள்.

நடுவில் இருப்பது சிக்கலானது, தரை மட்டும் கெட்டு, சுவர் நன்றாக இருப்பது. தரையை மட்டும் எடுக்கலாம். ஆனால் தரையும் சுவரும் சேரும் மூலைதான் தண்ணீர் நுழையும் வாசல், அதனால் சுவரின் அடிவரிசையையும் ஒரு அடி உயரத்துக்கு எடுத்தே ஆக வேண்டும். பழைய டிசைன் கடையில் கிடைக்காது. மாறுபட்ட நிறத்தில் ஒரு பட்டை ஓடினால் பரவாயில்லை என்பவர்களுக்கு இது நல்ல வழி, செலவும் கணிசமாக மிச்சம்.

இடிப்பது என்று தீர்மானித்துவிட்டால்

தை கடைசியிலிருந்து வைகாசிக்குள் ஆரம்பியுங்கள். தளம் வெயிலில் காய வேண்டும். ஒரே குளியலறை உள்ள வீடாக இருந்தால், எங்கே குளிப்பது என்பதை முதலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், மூன்று வாரம் பிடிக்கும். “அஞ்சு நாள்ல முடிச்சுத் தர்றேன் சார்” என்று சொல்பவரிடம் தண்ணீர் கட்டும் சோதனை எத்தனை நாள் என்று கேளுங்கள். முறையாகச் செய்தால் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 48 மணி நேரம். அதற்கே நாலு நாள் போய்விடும்.

எவ்வளவு இடிபாடு வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 5க்கு 8 அடிக் குளியலறையில், ஒரு அடிப் பள்ளத்தில் மட்டும் 40 கன அடி ஜல்லி இருக்கிறது. ஊறிய ஜல்லி ஒன்றரை டன்னுக்குக் குறையாது. சுவர் டைல்ஸும் பூச்சும் சேர்த்து, உடைத்தபின் உப்பும் அளவையும் கணக்கில் எடுத்தால், சிமெண்ட் சாக்கில் எண்பது மூட்டைக்கு மேல் வரும். யார் இறக்குவது, எங்கே கொட்டுவது என்று முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். சென்னையில் கட்டட இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கின்றன. ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் வண்டிக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

அதே அறைக்கு டைல்ஸ் கணக்கு: தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி, ஏழு அடி உயரத்துக்கு 182, கதவு போக 165 போல. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 225 சதுர அடி வாங்கினால் போதும். மிஞ்சுவதில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். தரைக்கு 2க்கு 2 பெரிய டைல்ஸ் வேண்டாம், வாட்டம் சரியாக வராது. 1க்கு 1 சொரசொரப்பானது போதும்.

வேலை நடக்கும் வரிசை இது. எல்லாவற்றையும் எடுத்து, தளத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். விரிசல்களையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் பாலிமர் சிமெண்ட் பூச்சு இரண்டு கோட், ஒன்று நெடுக்காக, அடுத்தது குறுக்காக. காய்ந்தபின் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு சின்னக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் எப்போதாவது கசிந்தால் அது வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும், உள்ளே தேங்காது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இல்லாதது இதுதான், எங்கள் வீட்டிலும் இல்லை. பிறகு வடிகால் குழாய், நிரப்பு, கான்கிரீட். அதன் மேல் மறுபடி பூச்சு, சுவரில் ஒரு அடி ஏற்றி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. மறுபடி தண்ணீர் கட்டல். அதற்கு அப்புறம்தான் டைல்ஸ். தண்ணீர் லைனை, குழாய் பதிக்கச் சுவரில் வெட்டிய காடியை மூடும் முன், சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். டைல்ஸ் இடுக்கை நிரப்பும் முன் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி வாட்டத்தைச் சரிபார்த்துவிடுங்கள், தப்பு இருந்தால் அப்போது நாலு டைல்ஸை எடுப்பதோடு போய்விடும்.

எங்கள் வேலையைச் செய்த பெரிய கொத்தனார் இரண்டாவது தண்ணீர் கட்டலின்போது வேறு வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாளும் காலையில் வந்து, சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கைத் தடவிப் பார்த்தார். “தம்பி, இது காயலைன்னா நான் டைல்ஸத் தொட மாட்டேன்” என்றார். அப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் கேட்ட கூலியைக் கொடுங்கள். பணத்தையும் தவணையாகப் பிரித்து, ஒரு தவணையைத் தண்ணீர் கட்டல் தேறிய பிறகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். உடைக்கும் ஆழம், குழாயின் ரகம், எத்தனை கோட், இடிபாடு யார் பொறுப்பு, இவையும் எழுத்தில் இருக்கட்டும்.

காடியை மூடும் முன் நாலு சுவரையும், அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்குக் கைப்பிடி மாட்ட டிரில் போடும்போது குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படம் சொல்லும்.

கீழ்ச் சீலிங்குக்கு மட்டும் உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். ஒரு மழைக்காலம் தாண்டட்டும். எங்கள் சமையலறையில் 2018 ஜூனில் போட்ட பென்சில் கோட்டை அடுத்த பொங்கல் வரை அழிக்காமல் வைத்திருந்தோம். கோட்டைத் தாண்டி எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளை அடித்தோம்.